சூரியன் மறையாத மாதத்து நோன்பு

பொந்தியானாக்
22 மார்ச் 1984

அன்புள்ள ரொஹானி,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் நலம். நாங்கள் என்றால் நானும் என் முழங்கால் வலியும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் மரியமும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டும், நீ விவரமாக எழுதுவதில்லையே.

நேற்று என் வகுப்புப் பிள்ளைகளை நிலநடுக்கோட்டுத் தூணுக்குக் கூட்டிப்போனேன். உச்சிப்பொழுதில் நிழல்கள் காலடிக்குள் போய் ஒளிந்துகொண்டன. பிள்ளைகள் குனிந்து தேடினார்கள். ஒருத்தன், "டீச்சர், என் நிழல் செத்துப்போச்சு, லீவு குடுங்க" என்றான். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். உன் பிப்ரவரிக் கடிதம் கிடந்தது. சிரிப்பு போய்விட்டது.

மூன்று பக்கம் பனியைப் பற்றி எழுதியிருக்கிறாய். பனியில் எத்தனை வகை என்று எனக்கு எதற்கு? கையெழுத்துக்குக் கீழே, தாளில் இடம் மிச்சமிருந்ததால் எழுதியதுபோல ஒரு வரி: 'மரியம் ஜனவரியில் பெரியவளாகிவிட்டாள்.' என் தங்கை மகள் பெரியவளானது பின்குறிப்பா? அம்மா இறந்தபோதும் உன்னிடமிருந்து வந்தது தந்தி ஒன்றுதான். அதிலும் பனி.

இந்த வருஷ நோன்பு அவளுக்குக் கடமை. ஜூன் தொடக்கத்தில் பிறை. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. குழந்தைதானே என்று மாப்பிள்ளை சொல்வார். சொன்னால், கல்யாணத்தன்று அப்பாவுக்கு எதிரே சம்மணம் போட முடியாமல் உட்கார்ந்து கலிமா சொல்லி முஸ்லிமானது நினைவிருக்கிறதா என்று கேள். ஆமாம், அவர் எப்படி இருக்கிறார்? ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன். நீ மீனைப் பற்றிப் பதில் எழுதுகிறாய்.

மரியத்துக்குத் தனித் தாள் வைத்திருக்கிறேன். அவளே படிக்கட்டும்.

உன் நலத்துக்குத் தொழுகையில் கை ஏந்தும்
அக்கா மஸ்னா

(உள்ளே மடித்து வைத்த தாள்)

மரியம் கண்ணுக்கு,

பெரியவளாகிவிட்டாயாம். உன் பெரியம்மாவுக்குச் சந்தோஷம். இனி உனக்கும் நோன்பு உண்டு. விடிவதற்கு முன் சாப்பிட்டு முடித்தால், சூரியன் மறையும்வரை ஒரு மிடறு தண்ணீர்கூடக் கிடையாது. தலை சுற்றும், நாக்கு ஒட்டும். எல்லாம் சும்மா பயமுறுத்தல். பொழுது இறங்கியதும் சரியாகிவிடும். நடுவில் விட்டவள் என்று பேர் வாங்காதே. நம் குடும்பத்தில் எதையும் நடுவில் விட்டவர்கள் கிடையாது, உன் அம்மாவைத் தவிர.

முத்தங்களுடன்
பெரியம்மா


ஹவ்னேஸ், வட நார்வே
17 ஏப்ரல் 1984

அன்புள்ள அக்கா,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் நலமாக இருக்கிறோம். உன் முழங்காலுக்கு மீன் ஈரல் எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். இங்கே குளிர்காலத்தில் பிள்ளைகளுக்குச் சூரியனுக்குப் பதில் அதைத்தான் கரண்டியில் கொடுப்பார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி.

பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு எழுதும் தாளிலும் என்னைக் குத்தாமல் உன்னால் இருக்க முடியவில்லை. படித்துவிட்டு வந்து, "நீ எதம்மா நடுவுல விட்டே?" என்றாள். ஆசிரியர் பயிற்சியை என்றேன். "வேற?" என்றாள். எனக்கு மீன்கூடத்து வேலைக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டேன்.

இப்போது கேட்கவேண்டியதைக் கேட்கிறேன். நிதானமாகப் படி. 'சூரியன் மறையும்வரை' என்று எழுதியிருக்கிறாய். இங்கே மே பாதியில் ஏறும் சூரியன் ஜூலை முடியும்வரை இறங்காது. கட்டிப்போட்ட நாய் முளையைச் சுற்றுவதுபோல வீட்டைச் சுற்றிச் சுற்றி வரும். நடுராத்திரியில் வடக்கே கடலுக்குச் சற்று மேலே நிற்கும். இதோ இறங்கப்போகிறது என்று தோன்றும். பிறகு மறுபடி ஏறத் தொடங்கும். சமையலறையில் காலையில் ஒரு சுவரில் விழுந்த கெண்டியின் நிழல் நாலு சுவரையும் சுற்றி அதே இடத்துக்கு வந்துவிடும். இந்த மாதத்தில் நோன்பை எப்போது பிடிப்பது, எப்போது திறப்பது?

உனக்கு வருஷம் முழுக்க ஒரே பகல், ஒரே இரவு. அந்தி மக்ரிப் பாங்கு அரை மணி நேரத்துக்குமேல் முன்னே பின்னே போகாது. அதனால் உலகத்தையே சரிபாதியாகப் பங்கு போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறாய். இங்கே அப்படியில்லை. மீனை உலர்த்தக்கூட இங்கே வெயிலும் வேண்டாம், உப்பும் வேண்டாம். கம்பில் மாட்டிவிட்டால் குளிர்காற்றே கட்டையாக்கிவிடும். உன் ஊரில் அதே மீன் மாலைக்குள் புழுத்துவிடும். ஊருக்கு ஊர் வழி வேறு, அக்கா. நோன்புக்கு இந்த ஊர் வழி எது?

இங்கே முஸ்லிம் என்றால் நானும் மரியமும்தான். தலைநகரில் பாகிஸ்தான்காரர்கள் பள்ளிவாசல் வைத்திருக்கிறார்களாம். அது உனக்கு ஜகார்த்தா இருப்பதைப்போல இரண்டு மடங்கு தூரம், எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. நம் பள்ளிவாசல் ஹாஜி அப்துர்ரானியைக் கேட்டு எழுது. மே முடிவதற்குள் பதில் கைக்கு வரவேண்டும். பெரியம்மா என்ன சொல்கிறாளோ அதுதான் என்று மரியத்திடம் சொல்லிவிட்டேன். அவள் ஆசையாக இருக்கிறாள். எனக்கு அதுதான் பயம்.

அன்புடன்
ரொஹானி


பொந்தியானாக்
11 மே 1984

ரொஹானிக்கு,

ஸலாம். எண்ணெய் வந்தது. தபால்காரருக்கு முன்னால் அதன் நாற்றம் வந்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் நலம் நாடுகிறேன்.

சூரியன் மறையாது என்று எனக்குப் பாடம் எடுக்கிறாய். பூமி உருண்டையைச் சாய்த்துப் பிடித்து, அறுபத்தாறரைப் பாகைக்கு வடக்கே கோடையில் இரவில்லை என்று இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். தெரியாமல் எழுதவில்லை. அது நம் ஊரில் எல்லாரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிற வாசகம். கை தானாக எழுதிவிட்டது. அதற்காக நீ சூரியனையே சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம்.

ஹாஜியைத் தெருவில் பார்த்துச் சொன்னேன். "சூரியனே மறையாத ஊர்ல உங்க தங்கச்சிக்கு என்ன வேல டீச்சர்?" என்று சிரித்தார். பிறகு, இதற்கு மார்க்கக் கிதாபில் வழி சொல்லியிருக்கிறார்கள், எடுத்துப் பார்த்து வைக்கிறேன், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வாருங்கள் என்றார். அன்று எனக்குத் தேர்வுத் தாள்கள் குவிந்துகிடந்தன, போகவில்லை. அவர் சிரித்துக்கொண்டு கேட்டது வேறு தொண்டையில் நிற்கிறது. உனக்கு அங்கே என்ன வேலை?

எல்லாவற்றுக்கும் நான்தானா? நீ பயிற்சியை நடுவில் விட்டு அவரோடு கிளம்பியபோது அப்பாவைச் சமாதானப்படுத்த நான், அம்மாவைக் குளிப்பாட்டி அடக்கம் செய்ய நான், இப்போது உன் மகளின் நோன்புக்கும் நானா? அவளுக்குத் தகப்பன் இருக்கிறார். அவரைக் கேள். 'நானும் மரியமும்தான்' என்று எழுதியிருக்கிறாய். கலிமா சொன்ன மனிதரை எந்தக் கணக்கில் விட்டாய்? இதற்காவது பதில் எழுது.

மாப்பிள்ளைக்கு என் ஸலாம்.
மஸ்னா


ஹவ்னேஸ்
2 ஜூன் 1984

அக்கா,

நலம். உன் கடிதம் கிடைத்தது. நான் அனுப்பிய கேள்வியை வேறு உறையில் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறாய்.

நேற்று நோன்பு தொடங்கிவிட்டது. பதில் வரும்வரை பிடிக்கவேண்டாம், விட்ட நாட்களைப் பிறகு பிடித்துக் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம் என்று மரியத்திடம் சொன்னேன். தலையாட்டினாள். மீன் கூட்டமாக வருகிற காலம், கூடத்தில் பகல் முறை, மாலை முறை இரண்டு வேலையும் எனக்குத்தான். நின்றுகொண்டே எழுதுகிறேன்.

ரொஹானி


தந்தி
7 ஜூன் 1984

மரியம் மருத்துவமனையில். உயிருக்கு ஆபத்தில்லை. கடிதம் வருகிறது. அவளுக்கு எதுவும் எழுதாதே. ரொஹானி.


ஹவ்னேஸ்
10 ஜூன் 1984

மஸ்னா அக்காவுக்கு,

உன் நலம் விசாரிக்கிற மனநிலை இல்லை. மரியம் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் படிக்கும்போது நீ பதறவேண்டாம். அப்புறம் யோசித்தால், பதறினால்தான் என்ன?

புதன்கிழமை பள்ளியில் ஓட்டப் பயிற்சி. ஓடிக்கொண்டிருந்தவள் உட்கார்ந்தாளாம். பிறகு சாய்ந்துவிட்டாள். கூடத்துக்கு ஆள் வந்தது. மீன் செதிலோடு மருத்துவமனைக்கு ஓடினேன். கையில் ஊசி ஏற்றிப் படுக்கவைத்திருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. நர்ஸ் கேட்டது ஒரே கேள்வி. "கடைசியா எப்பம்மா சாப்பிட்டா?"

எனக்குத் தெரியவில்லை, அக்கா. என் மகள் கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. வெளிச்சம் இருக்கும்வரை படகுகள் வரும். வெளிச்சமோ போவதே இல்லை. நான் வரும்போது அவள் தூங்குவாள், அவள் எழும்போது நான் தூங்குவேன். தட்டுகள் கழுவி அடுக்கியிருக்கும், சாப்பிட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன். ஞாயிறு இரவுக்குப் பிறகு ஒரு மிடறு தண்ணீர்கூட இல்லை என்று மயக்கம் தெளிந்ததும் அவளேதான் சொன்னாள்.

அவள் பென்சில் பெட்டியில் உன் தாள் இருந்தது. நாலாக மடித்து. உன் முத்தங்களுடன்.

இனிமேல் மறைத்துப் பயனில்லை, எழுதுகிறேன். உன் மாப்பிள்ளை தோர்லைஃப் ஜனவரியில் வீட்டை விட்டுப் போய்விட்டார். இரண்டு மாத இருட்டு முடிந்து சூரியன் திரும்பும் நாளில் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு இனிப்பு ரொட்டி கொடுப்பார்கள். அன்று காலையில்தான் பெட்டியைக் கட்டினார். ஏன் இன்று என்று கேட்டேன். "இருட்டுல போனா இருட்டு மேல பழி போடுவாங்க. அதான் வெளிச்சம் வரட்டும்னு இருந்தேன்" என்றார். இப்போது அடுத்த துறைமுகத்தில் அவர் தம்பி வீட்டில் இருக்கிறார். மரியம் ரொட்டியோடு வீட்டுக்கு வந்தபோது பெட்டி போயிருந்தது. அவள் பெரியவளானது அந்த வாரம்தான். அதனால்தான் உனக்கு அது பின்குறிப்பாக வந்தது. அதற்குமேல் எழுத ஆரம்பித்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன்.

மருத்துவமனைக்கு அவரும் வந்தார். தாளை நீட்டி, என்ன எழுதியிருக்கிறது, படி என்றார். முட்டாள்போல ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். 'சூரியன் மறையும்வரை' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "ஜூன் மாசத்துல. இங்க" என்றார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நேற்று அவர் வக்கீலிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. பிள்ளையைத் தன்னிடமே தரவேண்டும், தாயின் வீட்டில் அவள் உயிருக்குப் பாதுகாப்பில்லை என்கிறார். செப்டம்பரில் விசாரணை. உன் கையெழுத்து இப்போது கோர்ட்டில் இருக்கிறது. இருபது வருஷமாகப் பூமி உருண்டையைச் சாய்த்துப் பிடிக்கிறவளே, என் மகளை எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள்.

ரொஹானி


பொந்தியானாக்
29 ஜூன் 1984

ரொஹானி,

ஸலாம். மரியம் எப்படி இருக்கிறாள்? தண்ணீர் குடிக்கிறாளா? மற்றதைப் பிறகு படி, இதற்கு மட்டும் உடனே பதில் போடு.

இன்று பிறை தெரிந்தால் நாளை பெருநாள். ஆற்றங்கரை முழுக்கப் பலகாரம் சுடும் வாசனை. நான் அடுப்பு பற்றவைக்கவில்லை. மூன்று நாளாக எனக்கு யார்மீது அதிகக் கோபம் என்று முடிவு செய்ய முடியவில்லை.

அவன்மீது. இனி 'அவர்' வராது எனக்கு. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்போலப் பார்த்துக்கொள்வேன் என்று நம் மொழியில் உளறிச் சொன்னானே. பெண்டாட்டியை விட்டுப் போவதற்கு வெளிச்சம் பார்த்த மனிதன், பிள்ளை பட்டினி கிடப்பதைப் பார்க்க எந்த வெளிச்சத்துக்குக் காத்திருந்தான்?

உன்மீது. ஆறு மாதம். நான் மாப்பிள்ளைக்கு ஸலாம் எழுதி எழுதி அனுப்ப, நீ வாங்கி வைத்துக்கொண்டாய். நீ சொல்லியிருந்தால் 'தகப்பனைக் கேள்' என்று எழுதியிருப்பேனா?

கடிதம் வந்த அன்றே ஹாஜி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தினார். "டீச்சர், அந்த வெள்ளிக்கிழமை கிதாபைத் திறந்து வெச்சுக்கிட்டு சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் உக்காந்திருந்தேன். நீங்க வரல" என்றார். உள்ளே போய் எழுதிக்கொண்டு வந்தார். இரவும் பகலும் பிரியாத ஊரில், அவை பிரிகிற பக்கத்து ஊரின் நேரத்தையோ மக்காவின் நேரத்தையோ எடுத்துக்கொள்ளலாம். உடம்பு தாங்காவிட்டால் திறந்துவிட வேண்டும், பிறகு குளிர்காலத்தில் கணக்குத் தீர்க்கலாம். பிள்ளையை வருத்துவது மார்க்கமில்லை. அவ்வளவுதான். ஒரு பக்கம்கூட வரவில்லை.

அதோடு நீதிபதிக்கு என் வாக்குமூலமும் இருக்கிறது. தாயார் பிடிக்கவேண்டாம் என்றுதான் சொன்னார், தாள் என்னுடையது, புவியியல் படித்த முட்டாள் நான், ஏப்ரலில் வந்த கேள்விக்குப் பதில் தராமல் விட்டதும் நானே என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். பைத்தியம் அக்காதான், தங்கைக்குச் சம்பந்தமில்லை என்று உன் வக்கீல் சொல்லட்டும். என்னை யார் வந்து என்ன செய்துவிட முடியும்? நான் பூமியின் இடுப்பில் உட்கார்ந்திருக்கிறேன்.

பெருநாள் வாழ்த்து எழுத மனம் வரவில்லை.
மஸ்னா


ஹவ்னேஸ்
29 ஜூலை 1984

அக்கா,

மரியம் தண்ணீர் குடிக்கிறாள். சாப்பிடுகிறாள். எடை ஏறியிருக்கிறது. எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஹாஜியின் தாளையும் உன் தாளையும் வக்கீலிடம் கொடுத்தேன். உதவும் என்றார். நன்றி. ஆனால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். உன் வாக்குமூலத்தை மொழிபெயர்க்கும்போது எனக்கு எரிந்தது. பழி முழுவதையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறாய், எல்லாரும் பார்க்கிற மாதிரி. எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒரு பக்கம்கூட வராத ஒரு பதில். ஏப்ரலில் கேட்டேன்.

தோர்லைஃபும் அப்படித்தான், வேண்டியதைத் தவிர மற்றதெல்லாம் தருவார். விசாரணைக்கு முந்திய பேச்சுவார்த்தையில், தான் வாரம் தவறாமல் தொலைபேசியில் பேசியதாகச் சொன்னார். என்ன பேசினீர்கள் என்று என் வக்கீல் கேட்டார். படகைப் பற்றி என்றார். நான் சிரித்துவிட்டேன், சிரித்திருக்கக் கூடாது. உனக்கு நான் எழுதிய கடிதங்களெல்லாம் நினைவுக்கு வந்தன.

நேற்று இரவு சூரியன் கடலுக்குள் போயிற்று, இந்தக் கோடையில் முதல்முறை. கொஞ்ச நேரம்தான். ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

மரியம் என்னோடு அதிகம் பேசுவதில்லை. இந்த உறையில் அவளுடைய கடிதம் இருக்கிறது. ஒட்டிக் கொடுத்தாள். நான் திறக்கவில்லை.

ரொஹானி

(ஒட்டிய உறைக்குள்)

பெரியம்மாவுக்கு,

நலமா? நான் நலம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அம்மாவிடம் திருத்தக் கொடுக்கவில்லை.

நீங்கள் நீதிபதிக்கு எழுதியதை அம்மா மேசையில் வைத்திருந்தாள், படித்தேன். உங்கள் தாளைப் படித்து நான் ஏமாந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். அம்மாவும். நர்ஸ் என் தலையைத் தடவி, பாவம் தெரியாத பிள்ளை என்றாள்.

நான் இங்கேதான் பிறந்தேன். ஜூனில் சூரியன் மறையாது என்று எனக்குத் தெரியாதா? எங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், திரையை இழுத்துவிட்டுத்தான் தூங்கும். மூன்று பெரியவர்கள் இவ்வளவு நாள் சண்டை போடுகிறீர்கள், ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை.

எனக்கு நோன்பு பிடிக்க ஆசையாக இருந்தது. எப்படி என்று அம்மாவைக் கேட்டேன். பெரியம்மாவைக் கேட்டிருக்கிறேன் என்றாள். உங்கள் கடிதம் வந்தது. அதில் அப்பாவைக் கேள் என்று இருந்தது. அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். "அதெல்லாம் உங்கம்மா விஷயம், அவளையே கேளு" என்றார். இங்கே சூரியன் மாதிரிதான் என் கேள்வியும். எல்லார் வீட்டையும் சுற்றி வந்தது, எங்கேயும் இறங்கவில்லை.

சரி, யாராவது ஒருவர் போதும் என்று சொல்லும்வரை பிடிப்போம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை நடுராத்திரி ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். சூரியன் கடல் பக்கம் வந்தது, போய்விட்டது. ஏமாற்றமெல்லாம் இல்லை, வருஷா வருஷம் பார்ப்பதுதான். அம்மா வேலையிலிருந்து வந்தாள், என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள், தூங்கிவிட்டாள். செவ்வாய்க்கிழமை அப்பா ஃபோனில் படகுக்குப் புதுப் பெயிண்ட் அடித்ததைச் சொன்னார். என் குரல் கரகரவென்று இருந்தது. சளியா என்று கேட்டுவிட்டு மறுபடி பெயிண்டைப் பற்றிச் சொன்னார். அப்போதே குடித்திருப்பேன். ஆனால் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் தாகம் தெரியவில்லை.

தட்டுகளைக் கழுவி அடுக்கியது நான்தான். அதையும் யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தேன்.

நீதிபதி பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவாராம். இதையெல்லாம் அவரிடம் நானே சொல்வேன். நீங்கள் இனிமேல் அவருக்கு எழுதவேண்டாம். நீங்கள் மூன்று பேரும் யார் குற்றவாளி என்று மட்டும்தான் பேசுகிறீர்கள்.

மரியம்


பொந்தியானாக்
20 ஆகஸ்ட் 1984

மரியத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மழை. என் உடம்பைப் பற்றி நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

உன் கடிதத்தில் பிழை இரண்டுதான், இரண்டும் எழுத்துப்பிழை.

படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்றைக்கு அட்சரேகைப் பாடம். உருண்டையைக் கையில் எடுத்தேன். வடக்கே உன் ஊர் இருக்கும் இடத்தில் விரலை வைத்து, இங்கே ஜூனில் இரவில்லை என்று ஆரம்பித்தேன். அங்கே வீடுகள் இருக்கின்றன, திரைகள் இருக்கின்றன, திரைக்குப் பின்னால் ஒரு பெண் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் நினைத்ததில்லை. எனக்கு அது பாகை. பிள்ளைகள் காத்திருந்தார்கள். உருண்டையைக் கீழே வைத்துவிட்டு, புத்தகத்தை எடுத்து நீங்களே படியுங்கள் என்றேன்.

உன்மீதும் எனக்குக் கோபம். நீ செத்துப்போயிருக்கலாம். மூன்று பெரியவர்கள் முட்டாளாக இருந்தால் நாலாவதாக நீயும் சேர்ந்துகொள்வதா? என்னிடம் கோபம் வந்தால் தட்டை என் தலையில் போட்டு உடை. காலியாகக் கழுவி அடுக்காதே.

நீ சொன்னபடி நீதிபதிக்கு இனி எழுதமாட்டேன். உன் கேள்விக்கான பதில் உன் அம்மாவிடம் இருக்கும் ஹாஜியின் தாளில் இருக்கிறது. அது உனக்கு வரவேண்டிய தாள். வாங்கி நீ வைத்துக்கொள்.

உன்
பெரியம்மா


ஹவ்னேஸ்
8 அக்டோபர் 1984

அன்புள்ள அக்கா,

ஸலாம். நாங்கள் இருவரும் நலம். முழங்கால் எப்படி இருக்கிறது?

தீர்ப்பு வந்துவிட்டது. மரியம் என்னோடு இருப்பாள். பள்ளி விடுமுறைகளில் பாதி தோர்லைஃபிடம். உன் வாக்குமூலத்தையும் தோர்லைஃப் கொடுத்த உன் தாளின் மொழிபெயர்ப்பையும் நீதிபதி கேட்டுக்கொண்டதோடு சரி. மரியத்தோடு ஒரு மணி நேரம் தனியாகப் பேசினார். பேசியதில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியதை மட்டும் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

எந்த வீட்டில் இருக்க விருப்பம் என்று கேட்டாராம். அம்மா வீட்டில் என்றாளாம். அம்மாமீது கோபம் இல்லையா என்றாராம். "ரெண்டு பேர் மேலயும் இருக்கு. அம்மா வீட்டுல என் கட்டில் இருக்கு" என்றாளாம். தோர்லைஃப் தரையைப் பார்த்தார். நானும்.

அடுத்த வருஷம் நோன்பு பிடிப்பாயா என்றும் கேட்டிருக்கிறார். பிடிப்பேன், நேரத்தை நானே பார்த்துக்கொள்வேன், இவர்கள் யாரையும் கேட்கமாட்டேன் என்றாளாம். நீதிபதி அதைச் சொல்லிவிட்டு எங்களிடம், "அவ கேக்காட்டியும் நீங்க பாக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

கூடத்தில் மாலை முறை வேலையை விட்டுவிட்டேன். பகல் இப்போது வேகமாகக் குறைகிறது. மாலையில் விளக்கைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிட உட்காருகிறோம். பேச்சு அதிகமில்லை. நேற்று உருளைக்கிழங்கும் மீனும். நான் கை வைக்காமல் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாக்குற?" என்றாள்.

"நீ சாப்பிடறத."

"அசிங்கமா இருக்கு. பாக்காத."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முகத்தைச் சுளித்தாள். காலியான தட்டை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு இன்னொரு கிழங்கு எடுத்துக்கொண்டாள்.

ரொஹானி